போனுக்குப் பின்னால் ஒரு குழந்தை

கல்யாணத்துக்கு முன்பு சென்னையில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில் வேலை பார்த்தேன். கல்யாணமாகிக் கள்ளக்குறிச்சிப் பக்கம் வடக்கனந்தலுக்கு வந்ததும் அந்த வேலை போயிற்று. கணவருக்குக் கரும்பும் மரவள்ளியும்தான் உலகம். முதலில் மகன், பிறகு மகள். மகள் தவழ ஆரம்பித்திருந்த சமயத்தில் பழைய மருத்துவமனைத் தோழி ஒருத்தி கூப்பிட்டாள். அவளுக்குத் தெரிந்த பெண் ஒருவர் பேச்சு வராத குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கச் சென்னையில் சின்னதாக ஒரு கிளினிக் தொடங்கியிருக்கிறாராம். போன் எடுக்கவும் நேரம் கொடுக்கவும் ஆள் வேண்டுமாம். வீட்டிலிருந்தே செய்தாலும் போதுமாம்.

இப்படித்தான் ஆரம்பித்தது. இந்த வேலைக்கு விர்ச்சுவல் அசிஸ்டெண்ட் என்று ஒரு பெயர் இருப்பதே எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது.

உர மூட்டைகள் அடுக்கியிருந்த சின்ன அறையைக் கணவர் ஒழித்துக் கொடுத்தார். ஜன்னலோரம் சிக்னல் நன்றாக இருந்ததால் மேஜையை அங்கேயே போட்டோம். எத்தனை முறை கழுவியும் யூரியா வாசம் மட்டும் போகவில்லை. பெற்றோருக்குப் போன் செய்து நாளைய நேரத்தை நினைவுபடுத்துவது, வராதவர்களுக்கு வேறு நாள் கொடுப்பது, பில் அனுப்புவது, டாக்டர் பேசி அனுப்பும் அறிக்கையைத் தட்டச்சு செய்வது என்று காலை முழுக்க ஓடும். கிளினிக் தொடங்கிய அந்தப் பெண்ணை டாக்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே.

என் மாமியார் சில நாட்கள் அறை வாசலில் நின்று பார்த்தார். பிறகு கேட்டே விட்டார்.

“இன்னாம்மா, யார் கிட்ட இவ்ளோ நேரம் பேசிக்கினு இருக்கிற?”

“மெட்ராஸ்ல ஒரு ஆஸ்பத்திரி அத்தை. அங்க வர்றவங்களுக்கு எப்ப வரணும்னு சொல்றேன்.”

“ஆஸ்பத்திரி மெட்ராஸ்ல. நீ இங்க. அப்ப அங்க வாசல்ல யாரு உக்காந்துக்கினு இருக்காங்க?”

“யாரும் இல்ல. நான்தான்.”

“நல்லா இருக்குது போ உங்க வாசலு” என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அன்றிலிருந்து நான் போனில் இருக்கும்போது சேவலைத் துரத்தும் வேலையை அவராகவே எடுத்துக்கொண்டார்.

சேவலாவது பரவாயில்லை. எனக்குப் பயமெல்லாம் மகளைப் பற்றித்தான். மேஜைக்கு அடியில் உட்கார்ந்து என் புடவையை இழுப்பாள், கத்துவாள். அந்தச் சத்தம் போனில் கேட்டால் வீட்டுப் பெண் ஏதோ பொழுதுபோக்குக்குச் செய்கிறாள் என்று நினைத்துவிடுவார்களோ என்று மியூட் பட்டனிலேயே ஒரு விரல் இருக்கும். பேசுவேன், அமுக்குவேன், மறுபடி பேசுவேன். டாக்டருக்கு எனக்குக் குழந்தைகள் இருப்பது தெரியும். ஆனால் அவர்கள் சத்தம் அவருக்குக் கேட்டதில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகளுக்கு மூன்று வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ‘ம்மா’ என்பாள். மற்றதெல்லாம் கத்தல், இழுத்தல், கை நீட்டிக் காட்டுதல். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “இவ அப்பனும் லேட்டாத்தான் பேசினான்” என்பார் மாமியார். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். பேச்சு தாமதமான குழந்தைகளைப் பற்றித் தினமும் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள்தான் நான். ஆனாலும் அந்த அறிக்கைகளில் இருந்ததெல்லாம் எங்கோ இருக்கும் யாருடைய பிள்ளைகளோ என்றுதான் மனம் எடுத்துக்கொண்டது.

ஒரு நாள் முற்பகல். மாமியார் மரவள்ளி பிடுங்கும் இடத்துக்குப் போயிருந்தார். அடுத்த வார நேரங்களை மாற்றி அமைக்க டாக்டரும் நானும் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். மகள் காலடியில் கத்தினாள். பட்டனை அமுக்கினேன். அது அமுங்கவில்லை போல.

டாக்டர் பேச்சை நிறுத்தினார். “பின்னாடி உங்க பொண்ணா?”

“சாரி மேடம், இதோ உள்ள அனுப்பிடறேன்.”

“சாரி எல்லாம் எதுக்கு? அவ குரல நான் முன்னாடியே நிறைய தடவ கேட்டிருக்கேன். வார்த்தைதான் ஒண்ணும் கேட்டதில்ல. வயசு என்ன?”

“மூணு ஆகப்போகுது.”

“அவ வேற பக்கம் பாத்துட்டு இருக்கும்போது மெதுவா பேர் சொல்லிக் கூப்பிடுங்க.”

மகள் ஒரு துணிக் கிளிப்பை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டேன். திரும்பவில்லை. கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். அப்போதும் இல்லை. டாக்டர் சொன்னபடி தரையைக் கையால் தட்டினேன். அதிர்வு பட்டதும் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளைத் தூக்கி மடியில் இறுக்கி வைத்துக்கொண்டேன்.

“பயப்படாதீங்க,” என்றார் டாக்டர். “காதுல பிரச்சன இருக்கலாம். பாதி பேருக்கு மேல சரியாகிற விஷயமாத்தான் இருக்கும். இந்த வாரமே கூட்டிட்டு வாங்க.”

“இந்த வாரம் ஃபுல் மேடம்,” என்றேன். யார் கேட்டாலும் சொல்லும் பழக்கத்தில் வந்துவிட்டது.

அவர் சிரித்துவிட்டார். “நேரம் போடறதே நீங்கதானே? எங்கயாவது நுழைச்சுப் போடுங்க.”

சாயங்காலம் கணவர் வயலிலிருந்து வந்ததும் சொன்னேன். அவர் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு காதருகே ஏதோ முணுமுணுத்தார். அவள் அவர் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். “போலாம்,” என்றார். மாமியார்தான் கோபப்பட்டார். “நல்லா இருக்கிற பொண்ண போய் ஆஸ்பத்திரிக்கு இஸ்துக்கினு போறீங்க!” என்றார். ஆனால் கிளம்பும் காலையில் புளிச்சோறு கட்டி வைத்திருந்தார். “பையன நான் பாத்துக்கறேன். நீங்க அவசரப்படாம காட்டிட்டு வாங்க.”

கள்ளக்குறிச்சி போய்ச் சென்னைப் பேருந்து பிடித்தோம். அந்தக் கிளினிக்கை நான் அதுவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் படி ஏறும்போது இடது பக்கம் செருப்பு விடும் இடம் இருக்கும் என்றும், உள்ளே ஓரத்து மின்விசிறி கிறீச்சிடும் என்றும் தெரியும். பெற்றோர் குறைப்பட்டுச் சொன்னதைக் குறித்து அனுப்பியதே நான்தான். காத்திருந்தபோது என் போன் அடித்தது. எடுத்து வழக்கம்போலப் பேசினேன். எதிரே உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க தினமும் போன்ல பேசுவீங்களே, அவங்களா?”

ஆமாம் என்றேன்.

“நான் தாம்பரங்க! மழை வந்தா வர முடியாதுன்னு உங்க கிட்ட அழுவேனே!”

அவரா! எத்தனை முறை பேசியிருக்கிறோம். எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். என் மடியில் இருந்த குழந்தையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. “மொத தடவ வரும்போது எனக்கு காலே வரல. மெதுவா வாங்க, டாக்டர் காத்திருப்பாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் தினமும் எத்தனையோ பேரிடம் சொல்லும் வாக்கியம் அது. அதற்கு இவ்வளவு கனம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

எங்களை உள்ளே கூப்பிட்டதும் போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். கதவு வழியே அவர் குரல் கேட்டது. “ஆங், கிளினிக்குதாங்க. அவங்க உள்ள இருக்காங்க. நானா? நான் அவங்க வூட்டுக்காரரு.” டாக்டரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் என் படபடப்பு பாதி குறைந்தது.

சோதனையில் தெரிந்தது இதுதான்: செவிப்பறைக்குப் பின்னால் பசை மாதிரி நீர் கட்டியிருந்தது. தண்ணீருக்குள் இருந்து கேட்பது போலத்தான் அவளுக்கு எல்லாமே கேட்டிருக்கும். கள்ளக்குறிச்சியிலேயே காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் சின்னதாக ஓர் அறுவை சிகிச்சை செய்து அதை எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் குக்கர் விசில் அடித்தது. மகள் காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். மாமியார் பதறிப்போய் அடுப்பை அணைத்தார். நான் மட்டும் அழுதுகொண்டே சிரித்தேன். அடுத்த நாள் கணவர் அவளை மோட்டார் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். தண்ணீர் தொட்டியில் விழும் சத்தத்தை விட்டு வர மாட்டேன் என்று அங்கேயே நின்றாளாம்.

பேச்சு உடனே வந்துவிடவில்லை. தினமும் அவளோடு உட்கார்ந்து பயிற்சி செய்ய வேண்டியிருந்தது. மதிய வேளையில் போன் எடுக்க ஆள் தேவைப்பட்டது. எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்த ஒரு பெண், கல்வராயன் மலைக்காரர், பி.காம். படித்தவர், பிள்ளையின் பள்ளிக்காகக் கீழே குடி வந்திருந்தார். அவர் குரலில் ஒரு நிதானம் இருந்தது. போன் எடுக்க வருகிறாரா என்று கேட்டேன். “எனக்கு இங்கிலீஷ் கம்மிக்கா,” என்று தயங்கினார். “குழந்தைய நெனச்சுக்கினு பயந்து போன் பண்றவங்களுக்கு இங்கிலீஷ் எதுக்கு?” என்றேன். மறுநாளே வந்துவிட்டார்.

மகள் தெளிவாகச் சொன்ன முதல் வார்த்தை ‘வேணாம்’. மாமியார் சோறு ஊட்டும்போது வாயைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். அவர் தட்டோடு அறைக்குள் ஓடி வந்தார். நான் ஒரு தகப்பனாரிடம் பேசிக்கொண்டிருந்தேன். “கேளு, கேளு!” என்று சொல்லிவிட்டு, மறுபடி ஒரு வாய் நீட்டினார். ‘வேணாம்.’ இன்னொரு வாய். ‘வேணாம்.’ அன்று அவள் சாப்பிடவே இல்லை. மாமியாருக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை. போனில் இருந்தவர் என்ன சத்தம் என்று கேட்டார். சொன்னேன். அவர் உடனே தன் மகனுக்கு இன்னும் சீக்கிரமாக ஒரு நேரம் கிடைக்குமா என்று கேட்டார்.

டாக்டர் தனக்குத் தெரிந்தவர்களிடம் என்னையும் அந்த மலைக்காரப் பெண்ணையும் பற்றிச் சொன்னார். இப்போது சேலத்திலும் பாண்டிச்சேரியிலும் இருக்கும் கிளினிக்குகளுக்கும் நாங்கள் இருவரும்தான் வாசல். கரும்பு வெட்டு வந்தால் என் போன்களை அந்தப் பெண் எடுத்துக்கொள்வார். அவர் திருவிழாவுக்கு மலைக்குப் போனால் அங்கே சிக்னல் நிற்காது, அவருடையதை நான் எடுப்பேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களையும் மலைக்குக் கூட்டிப் போனார். அவர் அம்மா சாமைச் சோறும் கோழிக் குழம்பும் வைத்திருந்தார். பிள்ளைகள் பலாமரத்தடியில் மண்ணில் புரண்டார்கள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அவர் சொன்னார்: “திருக்கோவிலூர்ல ஒரு டாக்டர் கேக்கறாங்கக்கா. ஒத்துக்கலாமா?”

“காலைல மட்டும்னா ஒத்துக்கலாம்,” என்றேன். “சாயங்காலம் பசங்களுக்கு.”

“அதையேதான் நானும் சொல்லி வச்சிருக்கேன்,” என்று சிரித்துக்கொண்டே எனக்குத் துண்டை நீட்டினார்.