ரயில் பெட்டியில் எனக்கு வளைகாப்பு

மூன்று, நான்கு வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. மும்பை செம்பூரில் ஏறி வி.டி. ஸ்டேஷன் வரை தினமும் லோக்கல் ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு மயஸ்தீனியா என்ற நோய் வந்தது. நரம்பு சொல்வதைத் தசை கேட்காது. கொஞ்ச நேரம் நின்றாலே கால் துவளும், இமை தானாக இறங்கும். வீட்டிலிருந்து வேலை பார்க்க ஆபீஸில் சம்மதிக்கவில்லை. ரயிலில் நிற்க முடியாவிட்டால் வேலையை விட வேண்டியதுதான்.

ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தார்கள். உடம்பு கொஞ்சம் போடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இப்படிப் பூசணிக்காயாக ஆவேன் என்று யார் கண்டார்கள்! முகம் உப்பி, வயிறு முன்னால் தள்ளி, போதாக்குறைக்கு இன்னொரு மாத்திரையால் காலையில் குமட்டல் வேறு.

ஒரு நாள் பெண்கள் பெட்டியில் கம்பியைப் பிடித்து, வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். எனக்கு முன்பே நெருள் ஸ்டேஷனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து வரும் தமிழ்க்கார அக்கா ஒருவர் சட்டென்று எழுந்தார்.

"ஏட்டி, இங்க வந்து உக்காரு. இந்த நெலமையில நிக்கலாமா?"

மும்பை ரயிலில் கிடைத்த இடத்தை விட்டுக்கொடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அன்றிலிருந்து தினமும் செம்பூர் வந்தால் அக்கா எழுந்துவிடுவார். கூட வரும் மராட்டிப் பெண்கள் கூட்டத்தை விலக்கி எனக்கு வழி விடுவார்கள். என் நோய் இவர்களுக்கு எப்படிப் புரிந்தது என்று நெகிழ்ந்துபோனேன்.

ஒரு வெள்ளிக்கிழமை விஷயம் புரிந்தது. நான் உட்கார்ந்ததும் அக்கா பையிலிருந்து பச்சைக் கண்ணாடி வளையல்களை எடுத்தார். ஒருத்தி கையில் குங்குமம், இன்னொருத்தி கையில் டப்பா நிறைய லட்டு. ரயில் சிநேகிதிகளுக்குப் பெட்டியிலேயே வளைகாப்பு செய்வது இங்கே வழக்கம்தான்.

"ஏழாம் மாசம் இருக்கும்லா?" என்று கேட்டார் அக்கா.

அடக் கடவுளே! என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான்! உண்மையைச் சொன்னால் இடம் போகும், இடம் போனால் வேலை போகும். ஆனாலும் அந்த வளையல்களைப் பார்த்தபின் மறைக்க மனசு வரவில்லை. "இது குழந்தை இல்லக்கா, மாத்திரை" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பதற்றத்தில் தொண்டைத் தசையும் தளர்ந்து குரல் மூக்கால் வந்தது. எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

அக்கா என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். மற்றவர்களுக்கு இந்தியில் விளக்கினார். பிறகு ஒருத்தி "அரே பாபா!" என்று சிரிக்க, எல்லோரும் சிரித்துவிட்டோம். அக்கா மட்டும் வளையலைக் கீழே வைக்கவில்லை.

"புள்ளன்னா பத்து மாசத்துல எறங்கிரும். நீ இத காலம்பூரா சொமக்கணும்லா? ஒனக்குத்தாம்ட்டி மொதல்ல போடணும். கையக் காட்டு!"

கையைத் தூக்க எனக்குத் தெம்பில்லை. அவரே தாங்கிப் பிடித்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். அத்தனை பேர் முன்னால் வெட்கமில்லாமல் அழுதேன்.

இப்போது மருந்தைக் குறைத்துவிட்டார்கள். முகமும் பழையபடி ஆகிவிட்டது. பார்த்தால் நோயாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் செம்பூர் வந்தால் அந்தப் பெட்டியில் யாராவது ஒருத்தி எழுந்துவிடுகிறாள். தாங்கள் நினைத்த காரணம் பொய்யென்று தெரிந்த பிறகும் அன்பைத் திருப்பி எடுத்துக்கொள்ளாத அந்தப் பெண்களை நினைக்கும்போதெல்லாம், என் கை அசந்திருந்தாலும் மனசு கும்பிட்டுவிடுகிறது.