பனி கேட்டவர்களும் இரண்டு முட்டைகளும்

மிருகக்காட்சிச்சாலையில் பென்குயினைப் பற்றி விளக்கம் சொல்வது, பார்க்க வந்தவர்களை ஒவ்வொருவராக ஏமாற்றமடையச் செய்கிற வேலை. சனி, ஞாயிறு வேலைக்குப் போய்ப் படித்தவர்களே, உங்களிடம்தான் சொல்லி ஆற வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டனில் விலங்கியல் படித்தபோது, மீன் வாளியும் ஒலிபெருக்கியுமாக இரண்டு வருடம் நின்றேன்.

பனி எங்கே?

எங்களிடம் இருந்தவை ஹம்போல்ட் பென்குயின்கள். பெருவிலும் சிலியிலும் கடலோரப் பாலைவனத்தில் வாழ்கிறவை. லண்டன் ஓரத்துச் சட்டனிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் குளத்தை இரண்டு தரம் சுற்றிவிட்டுப் பனி எங்கே என்று கேட்டார். வரைபடத்தைக் காட்டி விளக்கினேன். முறைப்பாடு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த கிழமை முகாமையாளர் சீமெந்துத் தரை முழுவதற்கும் வெள்ளைப் பெயின்ற் அடிப்பித்தார். சீமெந்தில் நின்றே பாதம் புண்ணாகிப்போன பறவைகளுக்கு மணலும் பரற்கல்லும் கேட்டு நான் மூன்று கடிதம் எழுதியிருந்தேன். நீங்களும் இப்படிப் பதிலுக்குக் காத்திருந்திருப்பீர்கள். இதென்ன நியாயம் என்று நேரே போய்க் கேட்டேன்.

"பாலைவனம் என்று நீ நாள் முழுக்க விளங்கப்படுத்துவதைவிட இது சுலபம்."

எங்கட ஆட்கள்

தெற்கு லண்டன் ஸ்ட்ரெதமிலிருந்து அப்பாவின் சிநேகிதர் ஒருவர் வந்தார். மருத்துவப் படிப்புக் கிடைக்காததால்தான் வாளி தூக்குகிறேன் என்று தானாகவே முடிவுகட்டி, குரலைத் தாழ்த்தி ஆறுதல் சொன்னார். விட்டேனா? தலைமுறை தலைமுறையாகக் குவிந்த கடற்பறவை எச்சத்தில்தான் இவை வளை தோண்டி முட்டையிடும், அதை உரத்துக்காகக் கப்பல் கப்பலாக அள்ளிப் போய்விட்டார்கள், வெட்டவெளியில் இடுகிற முட்டை தப்புவதில்லை என்று மூச்சு விடாமல் சொன்னேன். கண் விரியக் கேட்டார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"அந்த எரு இஞ்ச எங்க வாங்கலாம், பிள்ளை? என்ர மிளகாய்க் கண்டுகள் சோர்ந்துபோய் நிக்குது."

பெட்டி

எங்கள் பென்குயின்களும் வெறுஞ்சீமெந்தில்தான் முட்டையிட்டன. ஒன்றும் பொரிக்கவில்லை. மீன் வெட்டுகிற குணம் அண்ணை ஊரில் கடற்றொழில் செய்தவர். இருட்டான வளை கொடுத்தால் பொரிக்கும் என்று அவரோடு வாதாடினேன். அவர் பழைய பலகையில் ஒரு பெட்டி அடித்து, உள்ளே பரற்கல் போட்டு, வாய் சுவர்ப்பக்கம் பார்க்க வைத்தார். ஒரு சோடி உள்ளே போய் இரண்டு முட்டை இட்டது. மாறி மாறி அடைகாத்தன. மூன்று கிழமை, விரிவுரையில் இருந்தபோதும் அந்த முட்டைகளைத்தான் நினைத்தேன்.

பிறகு முறைப்பாடுகள் வந்தன. பென்குயின் ஒளித்துக்கொள்கிறதாம். பெட்டியின் வாயைச் சனத்தின் பக்கம் திருப்பச் சொல்லி உத்தரவு. குஞ்சு பொரிக்க இன்னும் மூன்று கிழமைதான், பொறுங்கள் என்று ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தேன். முகாமையாளர் கோபப்படவே இல்லை.

"கண்ணுக்குத் தெரியாத பென்குயினை வைத்து நாங்கள் என்ன செய்வது?"

ஞாயிற்றுக்கிழமை

நல்ல வெயில், நல்ல கூட்டம். பெட்டிக்கு முன்னால் கமராக்கள் மின்னின. கம்பியில் தட்டிக் கூப்பிட்டார்கள். ஒலிபெருக்கியில் கெஞ்சினேன், என்னையும் படம் எடுத்தார்கள். மத்தியானம் சோடி தண்ணீருக்குள் இறங்கியது, திரும்பி வரவில்லை. கதவு மூடும் நேரம் அண்ணை முட்டைகளை எடுத்தபோது அவை குளிர்ந்து கிடந்தன. உள்ளே கரு இருக்கிறதா என்று மீன் வெட்டுகிற அறை விளக்கில் பிடித்துப் பார்த்தார். முதலாவதை உடனே வைத்துவிட்டார். இரண்டாவதைக் கையிலேயே வைத்திருந்தார். சூடாக்கினால் பிழைக்கும், எங்காவது வாசித்திருக்கிறேன் என்று அவரோடும் வாதாடத் தொடங்கினேன்.

"குஞ்சு பிடிச்சிருந்தது, பிள்ளை. இனி ஆரோட வாதாடப் போறாய்?"

அழிந்துவரும் இனத்தைக் காப்பாற்றுகிறோம் என்று எங்கள் வாசலில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்; யாரிடமிருந்து என்று எழுதத்தான் பலகையில் இடம் போதவில்லை.