பக்கத்து சீட்டில் இல்லாத பிரேக்

திருவானைக்காவலில் எந்தப் பெண்ணுக்காவது கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஆசை வந்தால், அக்கம்பக்கத்தில் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள். "சகாயராணி மேடம்கிட்ட போங்க. பயமே இருக்காது." பயம் இருக்காது என்பது உண்மைதான். ஏன் இருக்காது என்று மட்டும் இருபத்திரண்டு வருஷமாக யாரும் விசாரித்ததில்லை.

டிரைவிங் ஸ்கூல் வண்டிகளில் இடது பக்கத்து சீட்டிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். ஆபத்துக்கு மட்டும் என்று வைத்தது. ராணி மேடத்துக்கு அது ஆபத்துக்கானது அல்ல, பழக்கம். வாய் மேலே முருங்கைக்காய் விலையையும் பிள்ளைகளின் பரீட்சையையும் பேசிக்கொண்டிருக்கும். கால்கள் கீழே தம் பாட்டுக்கு வேலை செய்யும். கற்றுக்கொள்பவர் கிளட்ச்சை மறந்தால் கிளட்ச் தானாகவே இறங்கும். முன்னால் ஆடு வந்தால் வண்டி தானாகவே நிற்கும். "பார்த்தீங்களா, எவ்வளவு அழகா நிறுத்துறீங்க!" என்று மேடம் மனம் குளிரப் பாராட்டுவார். இறங்கிப் போகிறவர் வீடு வரை சிரித்துக்கொண்டே போவார்.

அப்படி லைசென்ஸ் வாங்கிய பெண்கள் ஆயிரத்துக்கு மேல் இருப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் அதை பேங்க்கில் அடையாள அட்டையாகக் காட்டுவதோடு சரி. கடைத்தெருவில் பார்க்கும்போது, "வண்டி ஓட்டுறீங்களாம்மா?" என்று ராணி கேட்பார். "எங்க மேடம், டைமே இல்ல" என்பார்கள். பெண்களுக்கு நேரம் இல்லாதது நாட்டில் புதுசா என்ன? ராணி அதை அப்படியே நம்பினார். நம்பத்தான் விரும்பினார் என்றும் சொல்லலாம்.

அவரை ஏமாற்றுக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. பொன்மலையில் அவருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் கையில் ஸ்டீல் ஸ்கேல் வைத்திருந்தார். கியர் தப்பினால் விரல் முட்டியில் ஒரு அடி. பத்தொன்பது வயதில், சிவந்த முட்டியோடு பஸ்ஸில் அழுதுகொண்டே வீடு திரும்பிய ஒரு சாயங்காலம், தான் யாருக்காவது சொல்லிக்கொடுத்தால் அவர்கள் அழவே கூடாது என்று முடிவு செய்தார். முடிவு நல்ல முடிவுதான். அதைக் கால்களிடம் ஒப்படைத்ததில்தான் கோளாறு.

இந்த ராணி மேடத்துக்குக் கொஞ்ச நாளாக ஒரு கவலை. தெருவுக்கு ஒன்றாகப் பச்சை நம்பர் பிளேட் வைத்த எலெக்ட்ரிக் கார்கள் வர ஆரம்பித்துவிட்டன. கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது, சத்தமும் கிடையாது. "அது காரா? ஃபேனுக்குச் சக்கரம் வெச்ச மாதிரி. ஸ்விட்ச் போட்டா ஓடும், அதுக்கு எதுக்கு ஸ்கூல்?" என்று வருகிறவர்களிடம் கேலி பேசுவார். பேசிவிட்டு உள்ளே போய் யோசிப்பார். பாலத்து ஏற்றத்தில் வண்டியைப் பின்னால் நழுவவிடாமல் அரை கிளட்ச்சில் நிறுத்துவதுதான் அவருடைய பாடத்திலேயே பெரிய பாடம். அந்தப் பாடத்துக்கே வேலை இல்லாத வண்டிகள் வந்தால், அவருக்கு என்ன வேலை?

அந்த யோசனை ஒரு சனிக்கிழமை காலையில் வாசலுக்கே வந்து நின்றது. வெள்ளை வண்டி, பச்சை பிளேட். வந்ததே காதில் விழவில்லை. ஆக்டிங் டிரைவர் இறங்கிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். பின் சீட்டிலிருந்து சுபலட்சுமியும் அவர் கணவர் சிவராமனும் இறங்கினார்கள்.

எட்டு வருஷத்துக்கு முன் ராணியிடம் கற்றுக்கொண்டு, முதல் டெஸ்ட்டிலேயே பாஸானவர் சுபலட்சுமி. அப்போது ராணி ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். சிவராமன் திருவெறும்பூர் பெரிய தொழிற்சாலையில் வேலை பார்த்துப் போன வருஷம் ஓய்வு பெற்றவர். பெங்களூரில் இருக்கும் மகள் சுஜா இந்த வண்டியை வாங்கி அனுப்பியிருந்தாள்.

"நான் ஹைபிரிட்தான் வாங்கச் சொன்னேன் மேடம்" என்று சிவராமன் யாரும் கேட்காமலே தொடங்கினார். "பெட்ரோலும் இருக்கும், மோட்டாரும் இருக்கும். பிளக்கே வேணாம், பிரேக் போட்டாலே பேட்டரி ஏறிக்கும். எலெக்ட்ரிக்குக்கு இன்னும் ஒரு பத்து வருஷம் போகட்டும்னேன். பெட்ரோல் இன்ஜின் என்னிக்கும் போகாதுன்னு சொல்றவங்களும் தப்பு, நாளைக்கே போயிடும்னு சொல்றவங்களும் தப்பு."

"இவ்வளவு தெரிஞ்சவர் நீங்களே ஓட்டலாமே சார்?"

"எனக்கு சைக்கிள்தான் மேடம் வரும். முப்பத்தஞ்சு வருஷமும் கம்பெனி பஸ்தான்."

சுபலட்சுமி கணவரைத் தாண்டி முன்னால் வந்தார். மண்ணச்சநல்லூரில் அவருடைய அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. வாரத்தில் மூன்று நாளாவது போய்ச் சமைத்து வைத்துவிட்டு வரவேண்டும். ஆக்டிங் டிரைவர் கூப்பிட்ட நாளெல்லாம் வருவதில்லை.

"நானே ஓட்டிடலாம்னு இருக்கேன். நீங்க ஒருதடவை பக்கத்துல உக்காந்தா போதும் மேடம்."

ராணி குனிந்து இடது பக்கத்துக் கதவைத் திறந்து பார்த்தார். தரையில் புது மிதியடி விரித்திருந்தது. அதன் மேல் ஒன்றும் இல்லை. கதவை மெதுவாகச் சாத்தினார்.

"முதல்ல நம்ம ஸ்கூல் வண்டியிலயே ரெண்டு நாள் பழகிக்கலாமேம்மா?"

"அதை ஓட்டி எனக்கு என்ன மேடம் ஆகப்போவுது? நான் ஓட்ட வேண்டியது இதைத்தானே" என்றார் சுபலட்சுமி. மறுநாள் காலையே கிளம்பலாம் என்று ராணி ஒத்துக்கொண்டார். ஒருத்திக்கு உண்மையிலேயே வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தோமா இல்லையா என்பது நாளைக் காலை தெரிந்துவிடும் என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. அன்று ராத்திரி ரசம் சோறுகூட இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். சுபலட்சுமி பெல்ட்டை மாட்டி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒரு பட்டனை அழுத்தினார். அமைதி.

"ஸ்டார்ட் ஆயிடுச்சா?" என்று கேட்டது ராணி.

"ஆயிடுச்சு மேடம். ரெடின்னு எழுதியிருக்கு பாருங்க" என்றார் பின்னால் இருந்த சிவராமன், தாமே கண்டுபிடித்த இயந்திரத்தைக் காட்டுபவரின் குரலில்.

"சரி. கிளட்ச்சை மிதிச்சு..." என்று தொடங்கிய ராணி நிறுத்திக்கொண்டார். "மெதுவா கிளட்ச்சை..." மறுபடியும் நிறுத்தினார். இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிவந்த வாக்கியம் ஒவ்வொன்றும் கிளட்ச்சில் தொடங்கியது என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. கடைசியில், "போங்கம்மா" என்றார். வண்டி போனது.

கொள்ளிடம் பாலத்தில் எதிரே லாரிகள் வந்தன. ஒவ்வொரு லாரிக்கும் ராணியின் கால்கள் மிதியடியை மிதித்தன. "மேடத்துக்குக் கால்ல எதுவும் வலியா?" என்று சிவராமன் அக்கறையாகக் கேட்டார். சுபலட்சுமி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தபோதெல்லாம் வண்டி தானாகவே வேகம் குறைந்தது. "அந்த நேரத்துலதான் சார்ஜ் ஏறுது" என்று பின்னாலிருந்து விளக்கம் வந்தது. "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்று முன்னாலிருந்து பதில் போனது. ராணி இரண்டையும் கேட்கவில்லை. அவர் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார், வரிசை தவறி.

டோல்கேட் தாண்டியதும் அது நடந்தது. முன்னால் போன டவுன் பஸ், ஸ்டாப்பே இல்லாத இடத்தில் கை காட்டிய யாரோ ஒருவருக்காகச் சட்டென்று நின்றது. ராணி இரண்டு கால்களையும் சேர்த்து முழு பலத்தோடு மிதித்தார். மிதியடி சுருண்டது. "மாதாவே!" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

கண்ணைத் திறந்தபோது வண்டி நின்றிருந்தது. பஸ்ஸுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு ஆள் தாராளமாகப் படுத்துத் தூங்கலாம், அவ்வளவு இடம் இருந்தது. பழக்கதோஷத்தில் ராணியின் வாய் திறந்தது. "பார்த்தீங்களா, எவ்வளவு அழகா நிறுத்து..." ஆயிரம் பேரிடம் சொன்ன அந்த வாக்கியம் முதல் தடவையாக உண்மையாக இருந்தது. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

"ஓரமா நிறுத்துங்க சுபாம்மா."

நிறுத்தினார். ராணி சுருண்ட மிதியடியைப் பார்த்தபடியே பேசினார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். டெஸ்ட் மைதானத்துல நீங்கதான் ஓட்டுனீங்க, அது வேற. ஆனா அந்த ஒரு மாசம் ரோட்டுல நீங்க ஓட்டல. பிரேக் போட்டது நான். கிளட்ச்சும் நான்தான். உங்களை நல்லா ஓட்டுறீங்கன்னு சொன்னேன் பாருங்க, அது பொய்."

"தெரியும் மேடம்" என்றார் சுபலட்சுமி.

ராணி நிமிர்ந்தார்.

"மூணாவது நாளே தெரியும். சந்தேகமா இருந்துச்சு, ரெண்டு காலையும் எடுத்துட்டேன். வண்டி அழகா நின்னுச்சு. நீங்களும் அழகா நிறுத்துறேன்னு சொன்னீங்க."

"அப்பவே கேட்டிருக்கலாமேம்மா!"

"உங்க முகத்துல அவ்வளவு சந்தோஷம். எப்படிக் கேக்கறது? லைசென்ஸ வாங்கி உள்ள வெச்சேன். எட்டு வருஷமா தனியா எடுக்கவே இல்ல. ஓட்டத் தெரியாதுன்னு எனக்குத்தான் தெரியுமே."

"பின்ன எதுக்கு என்னையே கூப்பிட்டீங்க?"

சுபலட்சுமி ராணியின் காலடியைக் கண்ணால் காட்டினார். "இந்த வண்டி வந்த அன்னிக்கு மொதல்ல அங்கதான் பார்த்தேன். ஒண்ணும் இல்ல, இதுல நான்தான் நிறுத்தியாகணும். அப்பவே உங்களைக் கூப்பிடணும்னு தோணிடுச்சு. வேற யார் பக்கத்துல உக்காந்தாலும் கத்துவாங்க மேடம். நீங்க கத்த மாட்டீங்க. மெதுவா சொல்லிக்கொடுக்க உங்களை விட்டா ஆள் கிடையாது."

ராணிக்கு அழுகை வந்தது. வெட்கம் பாதி, என்னவென்று சொல்லத் தெரியாத நிம்மதி பாதி. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெல்ட்டைக் கழற்றிக் கதவைத் திறந்தார்.

"சார், நீங்க முன்னாடி வந்து உக்காருங்க. நான் பஸ்ல போயிக்கிறேன்."

"மேடம், நீங்க இல்லாம..." என்று சிவராமன் இழுத்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"நான் இருந்து என்ன சார் பண்ணினேன்? மிதியடியைத்தான் கசக்கினேன்." பிறகு ஜன்னல் வழியாகக் குனிந்து, அந்தக் காலையில் முதல் முறையாகக் கிளட்ச் இல்லாத ஒரு பாடத்தைச் சொன்னார். "மில்லுக்குப் போற நெல் லாரி இடிக்கிற மாதிரி பின்னாலயே வந்து ஹாரன் அடிக்கும். அடிச்சா அடிக்கட்டும். நீங்க உங்க வேகத்துலயே போங்க. அவனுக்குத்தான் அவசரம், உங்களுக்கு இல்ல."

சுபலட்சுமி தலையாட்டினார். சிவராமன் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு பெல்ட்டை மாட்டினார். இண்டிகேட்டர் மின்னியது. சத்தமே இல்லாமல் வண்டி ரோட்டில் ஏறியது.

ராணி கையை உயர்த்தி ஆட்டினார். அந்தப் பக்கமிருந்து ஒரு கை வெளியே வரும், குறைந்தது தலையாவது திரும்பும் என்று எதிர்பார்த்தார். எதுவும் திரும்பவில்லை. கண்ணாடியில் பின்னால் வரும் லாரியையும், முன்னால் போகும் மோட்டார் சைக்கிளையும் பார்க்க வேண்டிய ஒருத்திக்கு ஓரத்தில் நிற்கிறவரைப் பார்க்க நேரம் இருக்காது. ராணிக்கு அது கொஞ்சம் வலித்தது. வண்டி மண்ணச்சநல்லூர் பக்கம் திரும்பி மறையும் வரை, ஆட்டிய கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தார்.