அம்மா ஒப்பம் வைக்காத கடதாசி

அம்மாவின் நினைவாக அச்சிட்ட இம்மலரைக் கையில் எடுத்தவர்கள் முதலில் பார்த்திருக்கக்கூடியது முன்பக்கத்தில் உள்ள உறவுகளின் வரிசையை. அதில் அம்மாவின் பெற்றோர் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருக்கிறது. அப்பாவின் பெயருக்கு முன்னாலும் தங்கையின் பெயருக்கு முன்னாலும் அதே சொல் இருக்கிறது. தம்பியின் பெயருக்கு முன்னால் மட்டும் இல்லை. அச்சகத்திலிருந்து இரண்டு தடவை தொலைபேசி எடுத்து, "மிஸ், ஒரு சொல் விடுபட்டுப் போச்சுப் போல" என்றார்கள். ஒன்றும் விடுபடவில்லை. அது ஏன் அங்கே இல்லை என்று சொல்வதற்காகத்தான் மூத்த மகளாகிய நான் இதை எழுதுகிறேன். அம்மாவின் வாழ்க்கையைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

அம்மா மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையில், படுவான்கரையின் அம்பிளாந்துறையில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் நான்காவது. பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு நின்றுபோனது. பெற்றோர் வயல் வட்டையில் நெல் வேலைக்குப் போனால் வீட்டில் கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருக்க ஆள் வேண்டியிருந்தது. அந்தக் கைக்குழந்தைதான் எங்கள் சின்ன மாமா. தன் படிப்பைத் தின்று வளர்ந்தவன் என்று அம்மா அவரைக் கேலி செய்வார். மாமாவுக்கு அறுபது கடந்த பிறகும் அந்தக் கேலி நிற்கவில்லை.

பின்னாளில் அம்மாவை அறிந்தவர்கள் நம்ப மாட்டீர்கள், இளம் வயதில் அவர் ஒரு பயந்தாங்கொள்ளி. முக்கியமாகத் தண்ணீருக்குப் பயம். வாவியைக் கடக்கும் மிதவையை எங்கள் பக்கத்தில் 'பாதை' என்போம். குருக்கள்மடத்தில் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு அந்தப் பாதையில் இக்கரைக்கு வந்த நாளில் அம்மா ஒரு கையால் தகப்பனின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி நின்றாராம். "கண்ணத் துறக்காமலே வந்து என்னக் கட்டினவ" என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். "துறந்திருந்தாக் கட்டியிருக்க மாட்டன்" என்பார் அம்மா.

தாய் வீட்டுக்குப் போகவேண்டும் என்றால் வேறு வழி இல்லை. கிழமைக்கு ஒரு தடவை பாதை ஏறினார். ஒரு வருடத்தில் கண்ணைத் திறந்து நின்றார். இன்னும் கொஞ்சக் காலத்தில் தலையில் அரிசியும் கையில் ஆட்டுக்கயிறுமாக நடுப்பலகையில் நின்று, ஓரத்தில் நின்று விளையாடும் பிள்ளைகளை ஏசத் தொடங்கிவிட்டார்.

தண்ணீர்ப் பயம் போனது. கடதாசிப் பயம் போகவில்லை. கிராம சேவகரின் வாசல், பள்ளிக்கூட அலுவலகம், தபால்காரர் கொண்டுவரும் பதிவுத் தபால், இவை எல்லாமே அம்மாவுக்கு ஒன்றுதான். எதையாவது நீட்டி ஒப்பம் கேட்டால் வேர்த்துவிடும். பெருவிரலை நீட்டுவார், மை பூசிக்கொள்வார், வீட்டுக்கு வரும்வரை அந்த விரலைச் சேலைக்குள் மறைத்துக்கொள்வார். அப்பா இருந்ததால் அதுவும் எப்போதாவதுதான் நடந்தது.

பிறகு சுனாமி வந்தது. அன்று காலை அப்பா கரைவலைக்குப் போயிருந்தார். சாப்பிடக் கூப்பிடுவதற்காகத் தங்கை கடற்கரைக்குப் போனாள். அம்மாவும் தம்பியும் அக்கரையில் மாமா வீட்டில் நின்றார்கள். நான் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். தட்டுத் தடுமாறி நான் ஊர் வந்து சேர்ந்தபோது ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் மேசை போட்டு, இறந்தவர்களின் விபரம் பதிந்துகொண்டிருந்தார்கள். அப்பாவையும் தங்கையையும் அம்மாதான் அடையாளம் காட்டியிருந்தார்.

பெருவிரலைக் கேட்டார்கள். அப்பாவின் தாளில் வைத்தார். தங்கையின் தாளில் வைக்கும்போது விரல் இழுபட்டு, எழுதியிருந்த பெயரின் மேலேயே மை அப்பிவிட்டது. எழுதுபவர் கோபிக்காமல் இன்னொரு தாள் எடுத்துத் திரும்பவும் எழுதினார். அவர் நல்ல மனிதர். ஆனால் அம்மா அந்த முதல் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்ட புள்ளட பேருக்கு மேல மைய அப்பிட்டன் மகள்" என்று என்னிடம் சொன்னார். அழிந்த வீட்டைப் பற்றியும் கடலைப் பற்றியும் அம்மா அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அதன் பிறகு முகாம் வாழ்க்கை. எதற்கெடுத்தாலும் படிவம். பல்கலைக்கழகத்தில் படிக்கிற நான் அம்மாவுக்காக எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுத்தேன், அதை உதவி என்றும் நினைத்தேன். தம்பி அப்படி நினைக்கவில்லை. சாதாரணதரப் பரீட்சை எழுதி முடித்திருந்த அவன், நிவாரணத்துக்கு வந்த பிஸ்கட் பெட்டிகளைக் கிழித்து, மட்டையின் பின்பக்கத்தில் அம்மாவின் பெயரைப் பெரிதாக எழுதி, அதன் கீழே எழுதச் சொன்னான். "எனக்கு ஏலா" என்றார் அம்மா. "பாதையில கண்ண மூடின ஆள்தானே நீங்க. இதுவும் அப்பிடித்தான்" என்றான் அவன்.

அம்மாவின் பெயரின் நடுவில் ஒரு 'ண' வரும். அதற்கு மூன்று சுழி. அம்மா தொடங்கினால் நிறுத்தத் தெரியாது, நான்கு போடுவார். "சுழி கூடிற்று அம்மா, இது பேரா பூரானா" என்று அவன் சிரிக்க, அம்மா மட்டையாலேயே அவனுக்கு ஒன்று வைப்பார். அந்த முகாமில் எங்கள் தறப்பாள் கூடாரத்துக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது அப்போதுதான். மூன்று மாதத்தில் அம்மா ஒப்பம் வைத்தார். வீட்டுத்திட்டக் கடதாசியில் நான்கு சுழி ணகரத்தோடு வைத்தார். வாங்கிய அலுவலர் பிழை என்றபோது, "அது என்ட ண. அப்பிடித்தான் வரும்" என்று சொல்லிவிட்டு வந்தார். தொடர்ந்து எழுத்துக்கூட்டி வாசிக்கவும் பழகினார்.

தம்பி வளர்ந்தான். நீர்ப்பம்பி திருத்தும் வேலை பழகினான். போர் முடிவதற்குச் சில மாதங்கள் இருந்தபோது, ஒரு காலையில் உதிரிப்பாகம் வாங்க மட்டக்களப்பு நகருக்குச் சைக்கிளில் போனான். சந்தியில் சிவில் உடையில் நின்ற சிலர் அடையாள அட்டை கேட்டதையும், பிறகு ஒரு வாகனத்தில் ஏற்றியதையும் கண்டவர்கள் இருக்கிறார்கள். சைக்கிள் ஒரு கடையோரம் பூட்டியபடி நின்றது. சாவி அவனிடம். அம்மா பூட்டை உடைக்க விடவில்லை. மாமாவும் அவரும் அதைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இன்றும் எங்கள் வீட்டில் அது பூட்டியபடிதான் நிற்கிறது.

முதல் தடவை ஓர் இராணுவ முகாம் வாசலில் போய் நின்றபோது அம்மாவுக்குக் குரல் வரவில்லை. நான்தான் கதைத்தேன். அடுத்த கிழமை அம்மா திரும்பவும் போனார். அதற்கு அடுத்த கிழமையும் போனார். எங்கள் ஊருக்குத் துணி கொண்டு வரும் காத்தான்குடி முஸ்லிம் வியாபாரியை அண்ணன் முறைக்கு 'நானா' என்போம். அவருக்குச் சிங்களம் தெரியும். "மூணு வசனம் போதும் தங்கச்சி" என்று சொல்லித் தந்தார். 'மகே புத்தா கோ' என்பது முதல் வசனம். என் மகன் எங்கே என்று பொருள். அம்மா அதைப் பாதையில் நின்றும் அடுப்படியில் நின்றும் சொல்லிப் பழகினார். ஒரு நாள் அம்மா கதிரை கேட்டு, வாசலில் நின்ற சிப்பாய் நாற்காலி எதுவும் இல்லை என்று கையை விரிக்க, "பின்ன ஒரு வாங்கு கொண்டாங்க, எனக்குக் கால் நோகுது. நான் சுறுக்காப் போக வரல்ல" என்று தமிழிலேயே சொல்லியிருக்கிறார். வாங்கு வந்தது, நீளமான மரப்பெஞ்சு.

போர் முடிந்த அன்று தெருவில் பட்டாசு கொளுத்தினார்கள். அம்மா சேலையை மாற்றிக்கொண்டு தம்பியின் படத்தை எடுத்தார். "சண்டை முடிஞ்சிதாம். அப்ப உடுவாங்கதானே" என்றார். அன்று பின்னேரம் வரை அவர் முகாம் வாசலில் நின்றார்.

அதன் பின்னான வருடங்களில் ஏறாவூரிலிருந்தும் வாழைச்சேனையிலிருந்தும் பிள்ளைகளைத் தேடும் தாய்மார் அம்மாவிடம் வந்தார்கள். அவர்களுக்கு அம்மா சொன்னதை நான் பக்கத்திலிருந்து பல தடவை கேட்டிருக்கிறேன். "முதல் தடவ கால் நடுங்கும் கா. ரெண்டாம் தடவ வயித்தக் கலக்கும். மூண்டாம் தடவ நீங்களே கதிர கேப்பீங்க." அழுதுகொண்டு வந்தவர்கள் சிரித்துக்கொண்டு போவார்கள்.

அப்படியே ஆறேழு வருடங்கள் போயின. ஒரு நாள், காணாமல்போனோரை விசாரிக்கும் குழுவிடமிருந்து, நகரத்து மண்டபம் ஒன்றுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. நானும் கூடப் போனேன். மேசைக்கு அப்பால் இருந்தவர் மரியாதையாகப் பேசினார். தம்பிக்கு மரணச் சான்றிதழ் எடுத்துவிட்டால் உதவிகள் கிடைக்கும், வீட்டு உறுதிப் பத்திரமும் சிக்கல் இல்லாமல் பிள்ளைக்குப் போகும், இதில் ஒரு ஒப்பம் வைத்தால் போதும் என்றார். நான் பேனையை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தேன். ஆம், நான்தான் கொடுத்தேன். எனக்குக் களைத்துவிட்டது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

அம்மா பேனையைப் பிடித்தபடி கடதாசியை வாசித்தார். எழுத்துக்கூட்டி, விரலை வைத்து, ஒவ்வொரு வரியாக வாசித்தார். பின்னால் வரிசை நீண்டது. அவர் அவசரப்படவில்லை.

"இதுல இறந்த எண்டு கிடக்கு. யாரு கண்ட?"

"இத்தனை வருசம் வரல்லையே அம்மா" என்றார் அவர்.

"நீங்க கண்டீங்களா? நானும் காணல்ல. என்ட புருசனக் கண்டன், கைநாட்டு வெச்சன். என்ட சின்ன மகளக் கண்டன், அவளுக்கும் வெச்சன். இவனயும் காட்டுங்க, வைக்கிறன்." பேனையின் மூடியைப் பூட்டி மேசையில் வைத்தார். "இந்த ஒப்பம் அவன் படிப்பிச்ச. அவன் படிப்பிச்ச ஒப்பத்த அவன்ட சாவுக்கு வைக்க ஏலா."

திரும்பி வரும் பஸ்ஸில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஒரு ஒப்பம்தானே அம்மா. எல்லாம் பழகிரும்" என்றேன். குருக்கள்மடத்தில் இறங்கி நடக்கும்போதுதான் அம்மா பதில் சொன்னார்.

"எல்லாம் பழகிரும் மகள். எனக்கு அதுதான் பயம். பாதை பழகிற்று, கடதாசி பழகிற்று, துவக்கோட நிக்கிற ஆமிக்காரனும் பழகிற்று. இவன் இல்ல எண்டுறதுக்கு மட்டும் நான் பழக மாட்டன்."

அதன் பிறகு எத்தனையோ தடவை கேட்டார்கள். அம்மா போவார், கதிரை கேட்டு இருப்பார், தாளை முழுதாக வாசிப்பார், மூடியைப் பூட்டிக் கொடுத்துவிட்டு வருவார். கடைசிக் காலத்தில் அது அவருக்குக் கோயிலுக்குப் போய் வருவதுபோல ஒரு வேலையாகிவிட்டது. நான் மட்டும் ஒவ்வொரு தடவையும் உள்ளே போகாமல் வெளியே நின்றேன்.

நோய் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தபோது சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் கேட்டார்கள். நான் மகள், நானே வைக்கிறேன் என்றேன். அம்மா விடவில்லை. தலையணையில் சாய்ந்துகொண்டு தானே வைத்தார். ணகரத்துக்கு நான்கு சுழி. நோய் முற்றியிருந்தது, மருத்துவர்கள் செய்ய முடிந்ததை எல்லாம் செய்தார்கள். அம்மா ஐந்தாம் நாள் காலை எங்களை விட்டுப் போனார். அவரது ஒப்பத்தைக் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோம். அந்த ணகரத்தையும் பிழை என்று அச்சகத்தார் எடுத்த தொலைபேசியோடு மொத்தம் மூன்று தடவை.

முன்பக்கத்துக்கான வரிசையைச் சின்ன மாமாதான் எழுதித் தந்தார். அன்பினால்தான் தம்பிக்கும் அந்தச் சொல்லைப் போட்டிருந்தார். "ஒரு மரியாதைக்குத்தானே மருமகள்" என்றார். நான் பள்ளிக்கூடச் சிவப்புப் பேனையால் அதை வெட்டினேன். "அக்கா இருந்திருந்தா பேனய முறிச்சிருப்பா" என்று சொல்லி மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இனி நன்றிகள். அம்மாவின் இடுப்பில் வளர்ந்து, அம்மாவுக்குக் கொள்ளி வைத்த சின்ன மாமாவுக்கு. கொள்ளி வைக்க வேண்டியவனுக்காகத்தான் தான் வைத்ததாக அவர் எல்லோரிடமும் சொன்னார், அதற்காகவும். தள்ளாத வயதில் பேரனின் தோளைப் பிடித்து வந்து வாசலில் நின்று அழுத காத்தான்குடி நானாவுக்கு. அம்மாவைக் குளிப்பாட்டிய அயல் வீட்டுப் பெண்களுக்கு, எட்டு நாளும் எங்கள் அடுப்பைப் பற்றவைக்க விடாமல் சோறு தந்த ஊராருக்கு, ஆஸ்பத்திரி விடுதித் தாதியருக்கு, பிள்ளைகளின் படங்களோடு வந்து பாடையின் பின்னால் நடந்த தாய்மாருக்கு, திருத்தாமல் அச்சிட்ட அச்சகத்தாருக்கு, முப்பத்தோராம் நாளாகிய இன்று எங்களோடு அமர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும்.

இன்னும் ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். இருபதாம் நாள் அதே கடதாசியோடு வீட்டுக்கு வந்த இளம் அலுவலர். பண்பானவர், அம்மாவை அறியாதவர். "அம்மா இல்லாத படியா இனி நீங்கதான் மிஸ் வைக்கவேணும்" என்றார். கதிரை போட்டு இருத்தினேன். பட்டதாரி ஆசிரியையான நான் அந்தத் தாளை விரலை வைத்து, எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு வரியாக வாசித்தேன். "தம்பியக் காட்டுங்க, வைக்கிறன்" என்றேன். பேனையின் மூடியைப் பூட்டும்போது என் கை நன்றாகவே நடுங்கியது. அதை அவரும் கண்டார். "யோசிச்சு வைங்க மிஸ், நான் மறுகா வாறன்" என்று எழுந்தார்.

வரட்டும். எனக்கு இது முதல் தடவைதான்.