ஊரடங்கில் பிடுங்கிய கருவி

ஊரடங்கால் வளைகுடாவுக்குத் திரும்ப முடியாமல் காரைக்காலில் மாட்டிக்கொண்ட என் கணவருக்கு, அங்கிருந்து வாங்கி வந்த மெட்டல் டிடெக்டர்தான் ஒரே ஆறுதல். காலையில் ஆளில்லாத கடற்கரையில் தனியாக நடந்து, மணலுக்குள் பழைய காசு தேடுவார். ஒரு நாள் போலீஸ்காரர் ஒருவர் அவரைத் தோப்புக்கரணம் போட வைத்து, கருவியையும் பிடுங்கிக்கொண்டார். ஊரடங்கிலும் ஓடிய துறைமுகத்து நிலக்கரி லாரிகளைத் தொடாத கொரோனா, தனியாக நடந்த மனிதரை மட்டும் தேடி வந்துவிடுமா?

மறுவாரம் அதே போலீஸ்காரர் கருவியோடு எங்கள் வாசலில் நின்றார். "பாய், ரோந்து போனப்ப கல்யாண மோதிரம் மணல்ல விழுந்துட்டு. கொஞ்சம் தேடிக் குடுங்க."

"இப்ப மட்டும் வெளில வரலாமா?" என்று கேட்டேன். என் கணவரோ, "விடு புள்ள, பாவம்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மதியத்துக்குள் மோதிரம் கிடைத்தது. அதை விரலில் போட்டுக்கொண்ட போலீஸ்காரர், "ஊரடங்கு முடியட்டும், ஸ்டேஷன்ல வந்து வாங்கிக்குங்க" என்று கருவியை மறுபடியும் எடுத்துக்கொண்டு போனாராம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்ன கணவர்மேல்தான் எனக்கு அதிகக் கோபம். மறுநாள் நானே ஸ்டேஷனுக்குப் போனேன். கருவி கைக்கு வரும்வரை வாசலை விட்டு நகரவில்லை.