தேங்காய் எண்ணெய் விட்ட பிரேக்

எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது மனைவி. எனக்கு வராது, பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வேன், அதையும் தப்பாக. டெல்லியில் துவாரகாவிலிருந்து கரோல் பாக் அலுவலகத்துக்குத் தினமும் அவளே ஓட்டிப் போய் வருகிறாள். போன ஜனவரியில் பிரேக் கத்த ஆரம்பித்தது. மிதித்தால் கிரீச். விட்டால் மௌனம். மறுபடி கிரீச். பனிமூட்டத்தில் வண்டி தெரியாது, அவள் வருவது மட்டும் நான்காம் மாடிக்குக் கேட்கும். "மேடம் ஆ கயீ", மேடம் வந்தாச்சு என்று கேட் காவலாளி சிரிப்பான்.

ஒருநாள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "வெக்கமா இருக்குங்க. சிக்னல்ல எல்லாரும் திரும்பிப் பார்க்கிறாங்க."

அந்த வெட்கத்தை என் கையாலேயே துடைத்துவிட வேண்டும் என்று ஒரு பதைப்பு. கதவு கீச்சிட்டாலும் தையல் மெஷின் முனகினாலும் எனக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம். ஞாயிறு காலை அவள் குளிக்கப் போனதும், குளிரில் மெழுகாக உறைந்திருந்த தேங்காய் எண்ணெயை அடுப்பில் உருக்கி, கரண்டியோடு கீழே இறங்கினேன். முன்சக்கரங்களின் இடுக்கில் பளபளத்த இரும்புத் தட்டுகள் இரண்டிலும் தாராளமாக விட்டேன்.

காய்கறி வாங்க அவள் கிளம்பினாள். நான் பால்கனியில் நின்றேன். வண்டி சத்தமில்லாமல் கேட்டை நோக்கிப் போனது. போய்க்கொண்டே இருந்தது. காவலாளி நாற்காலியை விட்டுத் துள்ளி ஓடினான். கைபிரேக்கை இழுத்திருக்கிறாள், தடுப்புக் கம்பத்துக்கு ஒரு முழம் முன்னால் வண்டி குலுங்கி நின்றது. நான்கு மாடியும் எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

அவள் கூப்பிட்ட மெக்கானிக், அப்பா காலத்திலேயே விழுப்புரத்திலிருந்து டெல்லிக்கு வந்த குடும்பத்துக்காரர். சக்கரத்தைக் கழற்றி மோந்து பார்த்தார்.

"அரே பாப்ரே! யார் சார் தாளிச்சது?"

ஒப்புக்கொண்டேன்.

"பிரேக் பிடிக்கணும் சார், வழுக்கக்கூடாது. பேட் தேஞ்சா சத்தம் போடறதுக்குன்னே ஒரு தகடு வச்சிருக்கான். அதுதான் இத்தனை நாளா கத்திச்சு. நீங்க அது வாயில எண்ணெய ஊத்திட்டீங்க."

அவள் என்னைப் பார்த்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

புது பேட் போட்டு, தட்டுகளைத் துடைத்தாயிற்று. "முதல்ல நான் மட்டும் ஒரு சுத்து போய்ப் பார்க்கிறேன். நீங்க நில்லுங்க" என்றாள்.

கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன்.

"சொன்னா கேக்க மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"பெல்ட்டைப் போடுங்க."

நடக்கிற வேகத்தில் ஓட்டினாள். அவள் பிரேக்கை மிதித்தபோது என் காலும் வெறுந்தரையை அழுத்தியது. வண்டி நின்றது.

"இன்னொரு தடவை மிதி" என்றேன்.