உயிரில்லாத கிரகத்துக்கு மச்சான் பாய்ச்சிய தண்ணீர்

இயக்குநரின் வெள்ளைக் காலணிகள் சேற்றில் புதைந்து நின்ற அந்தக் காலை எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. ஓடைப்பட்டிக்குக் கிழக்கே, என் அக்காவைக் கட்டிய மச்சானின் ஒன்றரை ஏக்கர் நிலம் அது. வேற்றுக் கிரகமொன்றில் மனிதர்கள் முதன்முதலாகக் காலூன்றும் காட்சியைப் படம்பிடிக்க, சென்னையிலிருந்து இரண்டு வேன்களும் ஒரு லாரியும் வந்து நின்றன. இறங்கிப் பார்த்தால் கிரகம் முழுக்க ஈரம். மச்சான் நிலத்தை உழுது, வரப்பைச் செதுக்கி, பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கெஞ்சி அவருடைய மோட்டாரிலிருந்து குழாய் இழுத்து, முந்தின நாள் முழுக்கத் தண்ணீர் பாய்ச்சியிருந்தார். அக்கா தன் பங்குக்கு நுழைவாயிலில் ஒரு கோலம் போட்டிருந்தாள். "மெட்ராஸ்லருந்து வாராக, காஞ்சு கெடந்தா நமக்கு அசிங்கமில்லையா மாப்ள?" என்று மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தார். இயக்குநரும் என்னைத்தான் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

தப்பு என்னுடையது. நான் தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம் எழுதிப் பிழைப்பவன். மாமியார் மருமகள் சண்டைகளை எழுதி எழுதிக் கை ஓய்ந்திருந்தபோது விண்வெளிப் பயணத் தொடர் ஒன்று வாய்த்தது. அதன் முதல் பகுதியில் கப்பல் ஒரு செத்த கிரகத்தில் இறங்குகிறது. தலைவர் மண்டியிட்டு ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிப் பார்த்து ஒரே ஒரு வரி சொல்கிறார்: "இந்த மண்ணில் எந்தக் காலத்திலும் எதுவும் முளைத்ததில்லை." ஏசி அறையில் காபி ஆறுவதற்குள் எழுதிய வரி அது. எழுதியபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்படிப்பட்ட மண்ணுக்கு எங்கே போவது என்று எல்லோரும் யோசித்தபோது, நான்தான் என் கைப்பேசியில் இருந்த ஒரு படத்தைக் காட்டினேன். மச்சானின் திராட்சைத் தோட்டம். அதாவது, திராட்சைத் தோட்டமாக இருந்தது. கிணறு வற்றிய பிறகு மூன்று போர்வெல் போட்டும் தண்ணீர் நிற்கவில்லை. முதலாவது இரண்டு வருடம் ஓடியது, இரண்டாவது ஒரு கோடையோடு போயிற்று, மூன்றாவதில் ஆயிரத்து நூறு அடிக்குப் போயும் புழுதிதான் கிளம்பியது. கொடிகள் கருகிய பிறகு கல்தூண்களும் மேலே தொங்கும் கம்பிகளும் மட்டும் வரிசையாக நின்றன. "இதுதான், இதேதான்" என்று இயக்குநர் துள்ளிக் குதித்தார். இருபது வருடம் அங்கே பழம் பறித்த மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது? "உங்க தோட்டம் டிவில வரப்போகுது மச்சான்" என்று மட்டும் போனில் சொன்னேன். நல்லதாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

நிலம் காய இரண்டு நாள் பிடித்தது. கூட வந்தவர்கள் தேனியில் அறை எடுத்துத் தங்கி என்னைத் திட்டினார்கள். "தூசி பறக்கணுமாம் மச்சான்" என்று மென்று முழுங்கினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏப்பா, தூசியா? அத மொதல்லயே சொல்லக் கூடாதா? நம்மகிட்ட அது ஒண்ணுதான கொள்ளையாக் கெடக்கு!" பிறகு அவரே டிராக்டரை வரவழைத்து, தான் உழுத சால்களையெல்லாம் மட்டப்படுத்தினார். மேலே செந்தூளைத் தூவினார்கள். காட்சியை எடுத்த அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. கண்ணாடி மூடிய தலைக்கவசத்தோடு நடிகர் நிழலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஏலே தம்பி, அந்தக் கொடத்தக் கழட்டிட்டு ஒரு வாய் மோரு குடிக்கச் சொல்லுடா. மூச்சு முட்டிச் செத்துருவாக போல" என்று என்னை விரட்டினாள்.

அன்று சாயங்காலம், எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, மச்சான் என்னைக் கல்தூண்களுக்கு நடுவே கூட்டிக்கொண்டு போனார். ஓர் இடத்தில் வெள்ளைக் கல் நட்டு அடையாளம் வைத்திருந்தார். தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்க்கிற ஒருவர் குறித்துக் கொடுத்த இடம். "நாலாவது போரு இங்கன போடலாம்னு இருக்கேன். ஒங்க அக்கா வேணாம்ங்கிறா, புள்ளைக வித்துருங்கப்பாங்குதுக. எனக்கும் ஒரு முடிவுக்கு வர முடியல. இந்தப் படம் டிவில வரட்டும் மாப்ள. நம்ம மண்ணப் பத்தி நாலு பேரு நல்லதாப் பேசுனாகன்னா, அதயே சகுனமா வச்சுப் போட்டுருவேன்" என்றார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வேன்காரர் ஹாரன் அடித்தார். நான் போய் ஏறிக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் எனக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் சோர்வாக இருக்கிறது. படம்பிடித்த பிறகு குரல் பதிவு உண்டு. சாதாரணக் காட்சியில் வாயசைவுக்குப் பொருந்தாமல் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. ஆனால் இந்தக் காட்சியில் தலைவரின் முகத்தைக் கண்ணாடி மூடியிருக்கிறது, அதில் வானம்தான் தெரிகிறதே தவிர வாய் தெரியாது. எதை வேண்டுமானாலும் பேச வைக்கலாம். 'முன்பு இங்கே ஏதோ விளைந்திருக்கிறது' என்று மாற்றியிருந்தால் கதை ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது. பதிவுக்கூடத்தில் காகிதத்தில் அப்படி எழுதியும் பார்த்தேன். இயக்குநரிடம் பேசிச் சம்மதிக்கவைக்க வேண்டும், அதற்கு அரை மணி நேரமாவது ஆகும். இரண்டு நாளாகத் தூங்கவில்லை. போகட்டும் என்று காகிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அலுப்புதான், வேறொன்றுமில்லை.

முதல் பகுதி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஒளிபரப்பானது. மச்சான் வற்புறுத்தியதால் ஊருக்குப் போயிருந்தேன். கூடத்தில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். அக்கா எல்லோருக்கும் கேசரி கிண்டியிருந்தாள். 'வசனம்' என்று போட்டு என் பெயர் வந்ததும் கைதட்டினார்கள். மச்சான் என் முதுகில் ஓங்கித் தட்டினார். கப்பல் இறங்கியது, புழுதி பறந்தது, கல்தூண்கள் சிவந்த வானத்தின் கீழ் நின்றன. "அந்தா, நம்ம தோட்டம்!" என்று பிள்ளைகள் கத்தின. உள்ளபடியே சொல்கிறேன், பார்க்க அழகாகத்தான் இருந்தது. தலைவர் மண்டியிட்டு மண்ணை அள்ளினார். அந்த வரியைச் சொன்னார்.

விளம்பரம் போட்டார்கள். மச்சான் என் பக்கம் திரும்பினார்.

"நீ எழுதுனதா மாப்ள?"

"ஆமா மச்சான்."

"நல்லாத்தான் இருக்கு" என்றார். கேசரித் தட்டை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை, அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை. நாலாவது போரும் போடவில்லை. அடுத்த தை மாதம் கல்தூண்களைப் பிடுங்கி விற்று லாரியில் ஏற்றிவிட்டதாக அக்கா போனில் சொன்னாள். போர் போட்டிருந்தால் தண்ணீர் வந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நாலாவதிலும் புழுதி கிளம்பியிருந்தால் அவர் இன்னும் நொடிந்துபோயிருப்பார். ராத்திரி தூக்கம் வராதபோது இந்தச் சமாதானத்தை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது பத்து நிமிடத்துக்குமேல் தாக்குப் பிடிப்பதில்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போனேன். மச்சான் இப்போது காமயகவுண்டன்பட்டிப் பக்கம் ஒருவருடைய திராட்சைத் தோட்டத்தில் கொடி வெட்டும் கவாத்து வேலைக்குப் போகிறார் என்று அக்கா சொன்னாள். டவுன் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். பந்தலுக்கடியில் கத்தரியோடு நின்றிருந்தார். அண்ணாந்தபடியே வெட்டி வெட்டிக் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. கல்யாணம், பிள்ளைகளின் படிப்பு, என் சர்க்கரை என்று பேசினோம். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன், வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் வசனம் எழுதுகிறவன் நான்.

கிளம்பும்போது அவரே கூப்பிட்டார்.

"ஏன் மாப்ள, அந்தத் தொடர நான் மொதப் பாகத்துக்கு மேல பாக்கல. அதுல வந்தாகள்ல, அவுக கடைசில என்னதான் ஆனாக? தண்ணியில்லாமச் செத்துப் போனாகளா?"

"இல்ல மச்சான். ஆறாவது பாகத்துல அதே எடத்துல தோண்டுவாக. தண்ணி வந்துரும்."

அதையும் நான்தான் எழுதினேன். அவர் கத்தரியை இறக்கினார்.

"எத்தன அடியில?"

அதை நான் எழுதியிருக்கவில்லை. கதைக்கு அது தேவைப்படவில்லை. அவர் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"நானூறு அடி" என்றேன், வாய்க்கு வந்தபடி.

"அம்புட்டுத்தானா?" என்றார் மச்சான்.